ரெண்டுலயும் கேக்குதா, கண்ணு?

என் சித்தப்பா என்னிடம் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில், வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று நான் சொன்னால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரெண்டுலயும் கேக்குதா, கண்ணு?" என்பார். கல்லூரி விடுதியிலிருந்து ஃபோன் போட்டு, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்றாலும் அதே கேள்விதான். என்னைப் பெண் பார்க்க வந்தவரைப் பிடித்திருக்கிறதா என்று வீடே கூடிக் கேட்க, நான் 'ம்' என்றபோதும் அதையேதான் கேட்டார். சித்தப்பாவுக்கு ஸ்பீக்கர் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் வாயில் ஒட்டிக்கொண்ட பேச்சு என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அந்தக் கேள்வி பிறந்த நாளில் நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை, பல்லடம் பக்கத்து அருள்புரத்தில் எங்களோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தார். பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர் வேலை. வரிசையாக நிற்கும் வட்ட மெஷின்கள் போடும் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். அந்த இரைச்சலுக்குள்ளேயே எந்த மெஷினில் பேரிங் தேய்கிறது என்று கேட்டுச் சொல்வதுதான் ஃபிட்டரின் கெட்டிக்காரத்தனம். சித்தப்பாவுக்கு அதில் பெயர் இருந்தது.

வேலை முடிந்து வந்து கைகால் கழுவும்போது சில நாள் அம்மாவிடம், "காதுக்குள்ள இன்னும் மெஷின் ஓடுதுங்க அண்ணி," என்பார். அம்மா, "அப்ப அதுக்கும் சேத்தி ஓவர்டைம் கேட்டு வாங்கிப்போடுங்க," என்பாள். நாங்கள் சிரிப்போம். அவருடைய கம்பெனியில் மூத்த ஃபிட்டர் ஒருவருக்குக் காது மந்தமாகி, அவரைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிட்டார்கள் என்பதையும் அவர்தான் ஒருநாள் சொன்னார். அதற்கு வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், கதவு தட்டினால்கூடக் கேட்காத வாட்ச்மேன் என்றால் சிரிப்பு வராதா?

அந்தத் தீபாவளி போனஸில் ஸ்பீக்கர் வாங்குவது என்று சித்தப்பா முடிவு செய்தார். காதுள்ளபோதே நாலு பாட்டை நல்லபடியாகக் கேட்டுவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாராம். அவரிடம் தாராபுரத்துச் சிநேகிதர் ஒருவர் கையால் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், சக்தியும் அதற்குத் தக்கபடிதான். ஆனால் ஆசையோ தரையில் என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஜோடிப் பெட்டிகள் மீது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டு ஓம், தொண்ணூறு டெசிபல் என்று ஏதேதோ எழுதி வைத்திருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னார்: பெரிய மோட்டார் போட்டால்தான் சுற்றுவேன் என்கிற மெஷினும் உண்டு, சின்ன மோட்டாருக்கே சுற்றுகிற மெஷினும் உண்டு, நமக்கு வேண்டியது இரண்டாவது சாதி.

கோயமுத்தூர்க் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் காது கூர்மையான காது என்று அவரே சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா தன் பங்குக்கு ஒரு அம்பு ஸ்டிக்கர் தாளைக் கையில் கொடுத்தனுப்பினாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பை ஒட்டிவிட வேண்டும், அதுதான் அவள் வேலை. அந்த அம்புகளை நான் பொட்டாக வைத்துக்கொண்டு திரிவேன். பெட்டியில் குறை தெரிந்தால் ஒட்டு என்று அம்மா கேலியாகத்தான் சொன்னாள், நான் அதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா ஆம்ப்ளிஃபையரைப் பனியன் துணியில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டுக் கடைக்கே தூக்கி வந்திருந்தார். கடைக்காரர் ஒரு கணம் அதையும் எங்களையும் பார்த்தார். பிறகு மரியாதையாக வாங்கி ஒயரை மாட்டினார்.

முதல் ஜோடி ஆளுயரம், பார்க்கப் பிரமாதம். சித்தப்பா சத்தம் கூட்டும் திருகை முக்கால் சுற்று திருகியும், தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் பாடுவது மாதிரி மந்தமாகத்தான் பாட்டு வந்தது. இரண்டாவது ஜோடிக்குக் கால் சுற்றே போதுமாக இருந்தது, அறை நிறைந்தது. "சின்ன ஆம்பே இத ஓட்டிரும்ங்க, ஈசி டிரைவ்," என்றார் கடைக்காரர். அந்தப் பாட்டில் ஜால்ரா ஒன்று இடையிடையே கிணுகிணுக்கும். பெட்டியின் உச்சியில் இருக்கிற ரூபாய்க் காசு அளவு குட்டி ஸ்பீக்கரிலிருந்துதான் அது வரும் என்று சித்தப்பா காட்டினார். இரண்டு பக்கமும் சுத்தமாகக் கேட்டது. பெட்டியின் முகப்பில் வலையாகப் போட்டிருந்த துணியைச் சித்தப்பா கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்து, துணி மட்டும் சுமார் என்று கடைக்காரரிடம் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் முதலில் விரலால்தான் பார்ப்பார்கள். விலையைக் கேட்டதும் விரலை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கடைக்காரர் அதே ரகத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறது, கடையில் போட்டுக் காட்டுவதற்கு வைத்திருந்தது, விலை குறைத்துத் தரலாம், ஆனால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, செகண்ட்ஸுன்னு சொல்லுங்க," என்றார்.

எங்களுக்கு அது தெரியாததா? வெளிநாட்டுக்குப் போகாமல் நின்ற சட்டைகளைத்தானே நான் பிறந்ததிலிருந்து போட்டு வளர்ந்தேன். செகண்ட்ஸ் என்றால் எங்கேயாவது ஒரு குறை இருந்தே தீரும், அது எங்கே என்று தெரிந்துவிட்டால் தைரியமாக வாங்கலாம். சித்தப்பா இரண்டு பெட்டிகளையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தார். ஒன்றின் முதுகில் நீளமான கீறல் ஒன்று அகப்பட்டது. குறை கிடைத்துவிட்டது என்று அவருக்கு ஒரே திருப்தி.

பாட்டைப் போட்டார்கள். ஜால்ரா வலது பெட்டியில் கிணுகிணுத்தது. இடது பெட்டியில் இல்லை.

எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் மணி ஆறாகிவிட்டது. கடைக்குக் கீழே தள்ளுவண்டியில் ஒருவன் காளான் போட்டுக்கொண்டிருந்தான். முட்டைக்கோசும் காளானுமாகப் பொரித்து, குழம்பில் கொத்திப் பிரட்டி, மேலே வெங்காயம் தூவித் தருவானே, அது. வேலை முடிந்ததும் வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். வாசம் மாடி ஏறி வந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் மறுபடியும் ஒயரை மாட்டி, நாலாவது ஜோடி, ஐந்தாவது ஜோடி என்று போகும். வண்டிக்காரன் அடுப்பை அணைத்துவிடுவான்.

சித்தப்பா ஒரு பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "ரெண்டுலயும் கேக்குதா, கண்ணு?"

"கேக்குதுங் சித்தப்பா."

ஜால்ரா கேட்கிறதா என்று கேட்டவருக்கு நானே ஜால்ரா போட்டேன். அம்பு ஸ்டிக்கர் தாள் பாவாடைப் பையில் அப்படியே இருந்தது. காளான் அமிர்தமாக இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு பல்லடம் பக்கம் போன தெரிந்த வேன் ஒன்றில் பெட்டிகள் மூட்டைகளுக்கு நடுவே சொகுசாக ஊர் வந்து சேர்ந்தன. மறுநாள் காலையிலேயே சித்தப்பா ஒயர் மாட்டி, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அதே பாட்டைப் போட்டார். தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அதே கேள்வியைக் கேட்டார். ஒருமுறை சொன்னதை எப்படி மாற்றுவது? திருப்பி எடுக்க மாட்டார்களே, போனஸ் பூராவும் போய்விட்டதே என்று பத்து வயதுக்கு உண்டான கணக்கெல்லாம் போட்டு, "நல்லாக் கேக்குதுங்," என்றேன்.

அவர் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாலு நாள் பெட்டிகள் பேசவில்லை. அம்மா ஒன்றின் மேல் கொசுவர்த்தியும், மற்றதன் மேல் ஈரத் துண்டும் போட்டு வைத்தாள். ஆசைப்பட்டு வாங்கியதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று அப்பா முணுமுணுத்தார். சித்தப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஒருநாள் அம்மாவைத் தனக்கு இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிடச் சொன்னார், பிறகு வலது பக்கம் நின்று கூப்பிடச் சொன்னார். ஏதோ விளையாட்டு என்று நானும் ஓடிப்போய், "சித்தப்பா, சித்தப்பா," என்று இரண்டு காதிலும் கிசுகிசுத்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஒரே பயம், பெட்டியின் குறையைக் கண்டுபிடித்துவிட்டார், என்னிடம் கோபமாக இருக்கிறார் என்று. அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே நடமாடினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. சுவரைப் பார்த்துப் பாட்டுக் கேட்கிற மனிதரைக் கண்டு அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சித்தப்பா எழுந்து முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார், மறுபடி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நாலைந்து தடவை அப்படிச் செய்துவிட்டு, அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போய், கேட்டது கேட்காதது எல்லாம் வாங்கிக் கொடுத்தார். கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டொரு நாளில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, இரண்டு பெட்டிகளுக்கும் புதுத் துணி போட்டிருந்தார். அவருடைய மெஷினிலேயே ஓட்டிய கறுப்பு வலைத்துணி. கடையில் அந்தத் துணியைக் குறை சொன்னவர்தானே என்று நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. அதன் பிறகு கம்பெனிக்குள் போகும்போது பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு போகவும் ஆரம்பித்தார். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம், அவர் எடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. சித்தப்பா இன்றும் ஃபிட்டர்தான், காதும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பெட்டிகள் அவருடைய சொந்த வீட்டு முன்னறையில் நிற்கின்றன, இடது பெட்டியில் இன்றைக்கும் ஜால்ரா கிடையாது. அது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று இருந்தேன்.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, துணி நைந்து வெளுத்துவிட்டது, புதிதாகப் போட்டுவிடு என்று என்னிடம் கொடுத்தார். இடது பெட்டியின் துணியைப் பிரித்தேன். உள்ளே, உச்சியில் இருக்கும் அந்தக் காசளவு ஸ்பீக்கரைக் காட்டிக்கொண்டு ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால் இடது காதுக்கு வலது பெட்டி வரும், கெட்டது காதா பெட்டியா என்று தெரிந்துவிடும் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. பெட்டியைத் துணி போட்டு மூடியது அழகுக்கு இல்லை, அந்த அம்பை நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் துணியும் கையுமாக நிற்பதைப் பார்த்து, மெதுவாக, "ரெண்டுலயும் கேக்குதா, கண்ணு?" என்றார்.

"இல்லீங் சித்தப்பா," என்றேன். "ஒண்ணுலதான் கேக்குது."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா ரெண்டு பிளேட்டு காளான் வாங்கித் தந்திருப்பேனே சாமி," என்றார். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

அவர் காளானைப் பற்றித்தான் பேசினார். அந்த நாலு நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டிலும் கேட்கிறது என்று நான் சொன்னேன், அவருக்கு ஒன்றில் கேட்கவில்லை. அவர் சந்தேகப்பட்டது பெட்டியை இல்லை, என்னையும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பி, நாலு நாளும் கேட்டில் உட்கார்ந்திருந்த அந்த வாட்ச்மேனைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நானோ, அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று பயந்து, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.