மேனேஜர் கோட்டு மூட்டைக்குள் போன கதை

அந்தச் சலவை நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ரசீதக்கா. துணியை வாங்குவாள், டோக்கனை ஊக்கால் குத்துவாள், ரசீது கிழிப்பாள், "அடுத்தது யாரு?" என்பாள். இந்தக் கடைசிக் கேள்வியைத் தூக்கத்திலும் கேட்பாளாம். அவள் கணவர் சொல்லித் தெரிந்தது. அவர் பஸ் டிரைவர். ரோட்டில் போகிற லாரிக்கெல்லாம் ஹாரன் அடிப்பவர், வீட்டில் மட்டும் மூச்சு விட மாட்டார்.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். "அதாவது" என்று ஒரு முட்டுக் கொடுக்காவிட்டால் அவர் வாயில் ஒரு வாக்கியமும் நிற்காது.

"அதாவது, கவுண்டர்ல ரெண்டு பேர் எதுக்கு, ஒரு ஆள் போதும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அதாவது, இன்னொருத்தர் வாஷிங் ரூமுக்குப் போகணும். அதாவது, யாராச்சும் கம்ப்யூட்டர்ல லிஸ்ட் எடுக்கக் கத்துக்கிட்டா, ஆபீஸ் ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

ரசீதக்காவுக்கு வாஷிங் ரூம் புதிதல்ல. வாஷிங் ரூமில் ஆறு வருஷம் நின்றவள் அவள். விரல் இடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெடித்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் கிடந்த கை. மறுபடியும் அங்கே போவதற்கு அந்த நாற்காலி எவ்வளவோ மேல்.

நாற்காலிக்குச் சொந்தக்காரராக இருந்த புரோகிராமர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போயிருந்தார். இப்போதும் லிஸ்ட் கேட்டு அவருக்குப் போன் போட்டால், "பார்க்கிறேங்க... கண்டிப்பா பார்க்கிறேங்க..." என்று ஜவ்வு மாதிரி இழுப்பார். பார்த்து முடிக்கப் பதினைந்து நாள் ஆகும். போகும்போது அவர் விட்டுப்போனது ஒரு தடிப் புத்தகம். புரோகிராம் மொழிக்குள்ளேயே இருந்துகொண்டு தகவலைக் கேட்டு வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகம். அவர் காலத்தில் அது ஆடுகிற மேசைக்காலைத் தாங்கிக்கொண்டிருந்தது. ரசீதக்கா அதை உருவினாள். அன்றிலிருந்து மேசை ஆடுகிறது.

படிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் கணவர் ஓட்டுகிற பஸ்ஸில், முதல் சீட். வீட்டிலிருந்து சலவை நிலையத்துக்கு நாற்பது நிமிஷம். ஒரு பயணத்துக்கு ஓர் அத்தியாயம்.

புத்தகத்துக்கு மாமனார் குரல். 'இதை வாசகர் இந்நேரம் எளிதில் உணர்ந்திருப்பார்' என்று அது சொல்லும். "எங்க உணர்ந்தேன்? நீ சொன்னாத்தானே உணர முடியும்?" என்று இவள் சத்தமாகவே கேட்பாள். பின் சீட்டில் இருப்பவர் தன்னைத்தான் கேட்கிறாளோ என்று, "மன்னிச்சுக்கங்கம்மா" என்பார்.

மூன்றாம் அத்தியாயத்தில் அவளுக்கு ஒன்று புரிந்தது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 'அலமாரியில இருக்கிற டோக்கனை எல்லாம் பாரு. இன்னும் வாங்கிட்டுப் போகாததுல தொண்ணூறு நாள் தாண்டினதை மட்டும் எடு. பழசுலேர்ந்து வரிசையா வை.' இதைத்தான் அவள் பத்து வருஷமாகக் கவுண்டர் பையன்களிடம் கத்திக்கொண்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் ஒரு தடவை சொன்னால் கேட்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படிச் சொல்வதற்குப் புத்தகம் வைத்த பேர் 'கேள்வி'.

ஏழாம் அத்தியாயம் வரவேண்டிய நாளில் பஸ் படுத்துவிட்டது. வேறு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். ஒரு கை கம்பியில். இன்னொரு கையால் அந்தச் செங்கல்லை விரித்துப் பிடிக்க முடியுமா?

மறுநாள் கணவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "இன்னைக்கு ஏழா, எட்டா?"

"எட்டு."

"அப்ப ஏழு?"

"ஒரு அத்தியாயம்தானே, அதுல என்ன குடி முழுகிடப் போகுது? நீங்க ரோட்டைப் பாருங்க."

அடுத்த வாரமே புரோகிராம் எழுதிவிட்டாள். தொண்ணூறு நாள் தாண்டியும் யாரும் வாங்காத துணியை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுவது அந்த நிலையத்தின் வழக்கம். லிஸ்ட் வந்தது. பதினொரு உருப்படி. மேனேஜர் அலமாரியில் போய் எண்ணிப் பார்த்தார்.

"அதாவது, பதினொண்ணு. அதாவது... சரியாத்தான் இருக்கு! திங்கக்கிழமை நாற்காலி உனக்குத்தாம்மா."

அதோடு விட்டிருக்கலாம். கொசுறாக இன்னொரு லிஸ்ட்டும் கொடுத்து அசத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. துணி தயாராகி மூன்று நாள் தாண்டியும் வராதவர்களைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்தலாமே? வெள்ளிக்கிழமை காலை, பழைய கேள்விக்குக் கீழேயே புதுக் கேள்வியை எழுதினாள். புரோகிராமுக்குள் எண்ணைப் போட்டு வைக்க 'நாள்' என்று ஒரு பெட்டி வைத்திருந்தாள், அதில் தொண்ணூறு இருந்தது. புதிதாக இன்னொரு பெட்டி எதற்கு என்று அதே பெட்டியில் மூன்றைப் போட்டாள். கடைசியில், 'ரெண்டையும் அச்சடி.' பின்னறையில் பிரிண்டர் கடகடத்தது. இவள் கவுண்டரில், "அடுத்தது யாரு?"

முதல் லிஸ்ட்டை இஸ்திரி அண்ணன் கிழித்துக்கொண்டு மூட்டை கட்டப் போனார். இரண்டாவதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கவுண்டர்க்காரி போனில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தேன் குரல். "வணக்கம்ங்க, உங்க துணி பளபளன்னு காத்துக்கிட்டிருக்கு, இன்னைக்கே வாங்களேன்!"

மதியம் மேனேஜர் வந்து நின்றார்.

"ஏம்மா, என் கோட்டு எங்க? அதாவது, நாளைக்குச் சங்கத்துல பேசணும். அதாவது, நாலு நாளா அலமாரியிலதானே தொங்கிச்சு?"

அலமாரியில் கோட்டு இல்லை. அலமாரியே கிட்டத்தட்டக் காலி.

"அண்ணே!" என்று ரசீதக்கா கத்தினாள். "என்ன பண்ணினீங்க?"

இஸ்திரி அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நீ கொடுத்த லிஸ்ட்தானே தங்கச்சி. நானூத்திப் பன்னெண்டு உருப்படி. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. எல்லாம் வேன்ல ஏத்தி இல்லத்துக்கு அனுப்பிட்டேன். இவ்வளவு பெரிய மனசான்னு எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

அதே நேரம் வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. தேன் குரல் கேட்டு வந்த கூட்டம். "போன் பண்ணிக் கூப்பிட்டீங்களே, துணி எங்கம்மா?"

மேனேஜர் வாயைத் திறந்தார். "அதா... அதா..." பாதிக்கு மேல் வரவில்லை.

வாஷிங் ரூமின் சோப்பு வாசனை மூக்கில் ஏறியது ரசீதக்காவுக்கு. புத்தகத்தை எடுத்து ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். புத்தக மாமனார் முதல் வரியிலேயே சொல்லியிருந்தார்: கேள்வியை எழுதும்போது அது ஓடுவதில்லை, விடையைக் கேட்கும்போதுதான் ஓடுகிறது. இடையில் பெட்டியில் எண்ணை மாற்றினால், பழைய கேள்வியும் புது எண்ணைத்தான் பார்க்கும். தொண்ணூறு நாள் லிஸ்ட் மூன்று நாள் லிஸ்ட்டாக வந்தது அதனால்தான்.

"அடப்பாவி, இதை ரெண்டாம் பக்கத்துல சொல்லியிருக்கக் கூடாதா?"

நாலு வரி எழுதினாள். வேனில் போனதில் தொண்ணூறு நாள் தாண்டாததை மட்டும் எடு. டோக்கன் நம்பர்படி வரிசையா வை. இப்பவே, இந்த நிமிஷமே எண்ணிக் கையில கொடு. நானூற்றி ஒன்று. அதைக் கவுண்டரில் இருந்த ரசீது அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இந்த முறை பிரிண்டர் பக்கத்திலேயே நின்றாள்.

"எல்லாருக்கும் ஒரு டீ போட்டுக் கொடுடி, பேசிக்கிட்டே இரு" என்று தேன் குரல்காரியிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு, மேனேஜரையும் இஸ்திரி அண்ணனையும் திரும்பி வந்த வேனில் தள்ளிக்கொண்டு இல்லத்துக்குப் பறந்தாள்.

கேட்டில் காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அவர் உடம்பில் சாம்பல் நிறக் கோட்டு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சுருக்கம் கிடையாது.

"ஐயா, யாரோ புண்ணியவான் கொடுத்தாராம். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குல்ல?"

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கோட்டு மேனேஜருக்கு வயிற்றில் எப்போதும் இறுக்கிப் பிடிக்கும்.

"அதாவது... நல்லா இருக்குப்பா. நீயே வச்சுக்க."

மற்ற மூட்டைகள் வராந்தாவில் அப்படியே கிடந்தன. இரண்டுதான் பிரித்திருந்தார்கள். ரசீதக்கா நம்பரைப் படிக்க, இஸ்திரி அண்ணன் உருவ, மேனேஜர் தோளில் வாங்க, ஒன்றரை மணி நேரத்தில் நானூறு உருப்படி வேனில் ஏறியது. திரும்பி வந்தபோது கூட்டம் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தது. "போன் பண்ணிக் கூப்பிடுறாங்க, டீ கொடுக்கிறாங்க. இப்படி ஒரு கடையை நான் பார்த்ததே இல்ல" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் ரசீதக்கா புத்தகத்தை மேனேஜர் மேசையில் வைத்தாள். "சார், தப்பு என்னோடதுதான். ஏழாம் அத்தியாயத்தைப் படிக்காம விட்டுட்டேன். வாஷிங் ரூமுக்குன்னா போறேன்."

மேனேஜர் புத்தகத்தை அவள் பக்கமே தள்ளினார். "அந்தப் புரோகிராமருக்கு ஒரு லிஸ்ட் எடுக்கப் பதினஞ்சு நாள். நீ கெடுத்தது ஒரு காலையில, சரி பண்ணினது ஒரு மத்தியானத்துல." ஒரு "அதாவது"கூட இல்லாமல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "நாற்காலியில உக்காரு. ஆனா லிஸ்ட் அச்சானதும் முதல்ல எண்ணி எங்கிட்டச் சொல்லணும். அப்புறம்தான் மூட்டை."

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நின்றது நின்றபடியே இருந்தது. "எடுப்பா வண்டியை!" என்று பின்னாலிருந்து சத்தம்.

டிரைவர் கண்ணாடியில் முதல் சீட்டைப் பார்த்தார்.

"ஏழாம் அத்தியாயம் முழுசா முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குங்க."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பயணிகள் பக்கம் திரும்பினார். "ரெண்டே பக்கம்தாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க. போன தடவை இதை விட்டதுக்கு நானூறு பேர் துணியில்லாம நின்னாங்க."