கிழக்கு வீட்டு உயில்

எங்கள் பெரியப்பாவுக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது: படித்த பெண், சொன்னதைச் செய்வாள், எதிர்த்துப் பேசமாட்டாள். தொண்ணூறுகளின் நடுவில் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு விழா மலர் போட்டார்கள். அதில் சேர்க்க எங்கள் குடும்பத்து வம்சாவளியை எழுதித் தரும் வேலையை என் தலையில் கட்டினார். கட்டும்போதே நிபந்தனையும் போட்டார்.

"ஆம்பளைங்க பேரு மட்டும் போதும் கண்ணு. பொட்டப்புள்ளைங்க அடுத்த குலத்துக்குப் போனவங்க. அவங்களையும் எழுதுனா பக்கம் பத்தாது."

பக்கம் பத்தாதாம். நூல் மில் விளம்பரங்களுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள்.

சரி, அவர் கணக்குப்படியே பார்த்தாலும் அத்தையை எங்கே எழுதுவது? அத்தை என் அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். கருமத்தம்பட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் மாட்டுத் தொழுவமான சாளையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். அதில் படுத்து எழுந்து, மொத்தக் குடும்பத்துக்கும் மூன்று வேளை சமைத்தார். விருந்தாளி வந்தால் பெரியப்பா அவர் காதுபடவே சொல்வார்: "போக்கிடம் இல்லாதவ. நாங்கதான் வெச்சுக் காப்பாத்தறம்." என் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

பாட்டன் பூட்டன் பெயர்களை விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கோவையில் எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர்தான் வழி காட்டினார். "உயில் இருந்தாப் பாருங்க அம்மணி. அதுல அப்பன் பேரு, ஊரு, பெத்த புள்ளைங்க அத்தனையும் வந்துரும். மனுசன் மறப்பான், உயில் மறக்காது." அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, உயில் எழுதிவிட்டுத்தான் போனார் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பக்கம் உயிலைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் நிரூபிக்கிற பழக்கமெல்லாம் இல்லை. அண்ணன் தம்பிகள் கூடிப் பேசிப் பிரித்துக்கொண்டு, காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் உயில். பெரியப்பாவிடம் கேட்டேன். "அது கரையான் தின்னுபோட்டுது" என்றார்.

உயில் பதிவாகியிருந்த பத்திரப் பதிவு அலுவலகத்துப் புத்தகத்தைக் கரையான் தின்னவில்லை. ஆனால் நகல் கேட்டால் அங்கே வேறொரு கூத்து. உயில் எழுதியவர் உயிரோடு இருந்தால் தரமாட்டார்களாம்.

"அவரு செத்து நாப்பது வருஷம் ஆச்சுங்க."

"இருக்கட்டும்ங்க. பேப்பர்ல இன்னும் சாகலையே."

அப்பாருவைக் காகிதத்தில் சாகடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இறப்புப் பதிவேட்டை நானே புரட்டித் தேடி, சான்று வாங்கி, மனுவோடு இணைத்துக் கொடுத்தேன். நகல் கைக்கு வந்ததும் வாசல்படியிலேயே நின்று படித்தேன். பூட்டன் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. நான் தேடிப்போனது அவ்வளவுதான். அதோடு மடித்து வைத்திருந்தால் நல்ல பெண் என்று பெயர் எடுத்திருப்பேன்.

"என் குமாரத்தி விதவையாய் நம் வீடு வந்து சேர்ந்துவிட்டபடியால், அவள் ஜீவிய காலம் வரை கிழக்கு வீட்டில் சர்வ சுதந்திரமாய் வசித்துவர வேண்டியது. தோட்டத்து வெள்ளாமையில் அவள் சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தயவாக அல்ல, பாத்தியமாக அவள் எடுத்துக்கொள்ள வேண்டியது. என் குமாரர்கள் யாதொரு ஆட்சேபணையும் செய்யக் கூடாது."

கிழக்கு வீட்டில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரியப்பாவின் விசைத்தறிகள் ஓடுகின்றன. என் உடம்பெல்லாம் எரிந்தது. பெரியப்பாவை மனசுக்குள் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். சாட்சிகள் கையெழுத்துக்குக் கீழே, பத்திரங்களில் எழுதியவர் பெயர் போடும் இடத்தில், "இதை எழுதியது என் இளைய குமாரன்" என்று இருந்தது. அதையடுத்து என் அப்பாவின் பெயர்.

அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவரைத்தான் எழுதச் சொல்வார்கள். உயிலில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு எழுத்தும் அவர் எழுதியது. பெரியப்பா மேல் வந்த கோபத்தைவிடப் பத்து மடங்கு கோபம் அவர் மேல் வந்தது. பெரியப்பா திருடர். இவர் என் அப்பா.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். பெரியப்பா வெளியே போயிருந்தார். அப்பா மதியச் சாப்பாட்டில் இருந்தார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு நகலை எடுத்து உரக்கப் படித்தேன். எழுதியவர் பெயரையும் விடவில்லை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், புரிய வேண்டுமே என்று இரண்டாம் முறையும் படித்தேன்.

அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணம் பேச்சத் தட்ட முடியுமா?"

"அதைத் தட்ட முடியாது, அப்பாருவோட கையெழுத்தத் தட்டலாமா?" என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. இன்றுவரை அதற்கு வருத்தப்படவில்லை. அத்தையின் கையைப் பிடித்து, "எந்திரிங்க அத்தை, இப்பவே போய்த் தறிய நிறுத்தலாம்" என்றேன்.

"ஊட்டை உடு கண்ணு, தறி ஓடட்டும்" என்றார் அத்தை. கையை விடுவித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, அவர் மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் பேசி முடிக்கவில்லை. கரண்டியைக் குண்டாவில் வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் தின்னு மிஞ்சுனதத்தான் இத்தன வருஷமா தின்னேன் தம்பி. எனக்குப் பாத்தியம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு நாளாச்சும் சுடுசோறு தின்னிருப்பேன்."