பந்தலுக்குத் தோதான இடம்

ஒக்போட்டிக்கு ஒரே ஆசை, தன் பெயர் கல்லில் ஏற வேண்டும். செத்தால் தானாக ஏறப்போகிறது என்றால் முறைப்பான். அக்ராவின் கிழக்கோரத்தில் ஒரு நகரசபையில் உதவிப் பொறியாளர் உத்தியோகம். டை கட்டாமல் வெங்காயம் வாங்கக்கூடப் போகமாட்டான்.

அவன் மனைவி அக்வேலேக்கு வேறு கவலை. வீடு சாலைக்கு இந்தப் பக்கம், அவள் புளித்த சோளமாவில் அவித்த கென்கி உருண்டையும் பொரித்த மீனும் விற்கும் சந்தை அந்தப் பக்கம். போன வருடம் ஒரு மினிபஸ் அவள் இடது காலை முறித்துவிட்டு நிற்காமல் போனது. அதிலிருந்து, தலையில் பாத்திரத்தோடு ரொட்டிக்கடை எதிரே நின்று, நொண்டி நொண்டித்தான் கடப்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து ஒக்போட்டி வாக்குக் கொடுத்திருந்தான், "அந்த ரொட்டிக்கடை முன்னாடியே நீ ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போட்டுத் தர்றேன்" என்று.

ஒரு வாளி வெள்ளைப் பெயிண்ட், இரண்டு வேகத்தடை. அவ்வளவுதானே? ஐயையோ, அப்படிச் சொல்லிவிட்டால் நகரசபை எதற்கு? வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்தினார்கள். பாதசாரிகளின் பாதுகாப்பு பற்றி நட்சத்திர ஓட்டலில் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் ஒருவராவது நடந்து வரவில்லை. கோழியும் ஜொலோஃப் சோறும் சாப்பிட்டு, பாதிப் பேர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார்கள். பிறகு தலைமை ஆலோசகர் அம்போன்சா மினுமினுக்கும் பச்சைச் சட்டையோடு தெருவில் இறங்கி, அக்வேலேயை மறித்தார்.

"நீங்க எதுக்காக ரோட்டைக் கடக்குறீங்கம்மா?"

"அந்தப் பக்கம் போகத்தான் சார். வேற எதுக்குக் கடப்பாங்க?"

அதையும் பணிவாகக் குறித்துக்கொண்டார். பொல்லாப்பு சொல்லக் கூடாது, கடைசியில் மனிதர் சரியான இடத்தைத்தான் காட்டினார். ரொட்டிக்கடை முன்னால். ஒக்போட்டி வரைபடத்தை வீட்டுக்கே கொண்டுவந்து விரித்தான். அன்றைக்கு அவன் தட்டில் கூடுதலாக ஒரு மீன் விழுந்தது.

அதற்குள் நகரசபைத் தலைவர் தலைமையில் திறப்பு விழாப் பேச்சு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பந்தல் போட்டு, மேளம் அடித்து, ரிப்பன் வெட்டாவிட்டால் குழாயில் தண்ணீர்கூட வராது. நகரசபைச் செயலர் திருமதி லார்யே ஒக்போட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரொட்டிக்கடை முன்னாடி சாக்கடைல்ல ஓடுது? பந்தலை எங்க போடுவே? தலைவர் வெயில்ல நிப்பாரா?"

"ஆலோசகர் அங்கதான் மேடம் குறிச்சுக் குடுத்திருக்காரு..."

"கொஞ்சம் தள்ளிப் போடு. இழவுப் பந்தல் போடுற மைதானம் சும்மாதானே கெடக்கு. கல்வெட்டுல உன் பேரையும் சேக்கச் சொல்லியிருக்கேன்."

கொஞ்சம் தள்ளி என்பது காரில் போகிறவர்கள் பேச்சு. நொண்டிக் காலுக்கு அது வெயிலில் நெடுந்தூரம், அதுவும் சந்தைக்கு எதிர்த்திசையில். கல்வெட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் ஒக்போட்டி கையெழுத்துப் போட்டான். வெட்கங்கெட்டவன், வீட்டில் மூச்சு விடவில்லை.

விழா அன்று போலீஸ் வண்டிகளை நிறுத்தியது. தலைவர் கோட்டின் மேல் அந்தப் பக்கம் நடந்தார், புகைப்படக்காரருக்காக இந்தப் பக்கமும் நடந்தார். கல்வெட்டின் கடைசி வரியில் ஒக்போட்டி. நல்ல துணி உடுத்தி வந்திருந்த அக்வேலே அதைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"ரொட்டிக்கடை முன்னாடின்னுதானே படத்துல காட்டின?"

"அங்க பந்தல் போட எடமில்ல அக்வேலே."

அவள் கத்தவில்லை. "இந்த மைதானத்துல பந்தல் போட்டாத்தான் இந்த ரோட்டுல வண்டி நிக்குது. அப்ப நான் பத்திரமா கடக்கணும்னா, ஒண்ணு தலைவர் வரணும், இல்ல யாராவது சாகணும். அப்படித்தானே இன்ஜினியரே?"

மறுநாள் காலையில் அவள் பாத்திரத்தோடு வழக்கம்போல ரொட்டிக்கடை எதிரே நின்றாள். விழாவுக்கு உடுத்திய கோட்டும் டையுமாக ஒக்போட்டி பின்னாலேயே வந்தான். சாலைக்குள் இறங்கிக் கையை நீட்டினான். ஒரு மினிபஸ் கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினான்.

"பெரியவரே, அங்க அம்புட்டுச் செலவு பண்ணிக் கோடு போட்டு வச்சிருக்காங்க. பாத்தா படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க, அங்க போய்க் கடந்தா என்ன?"

"அந்தக் கோட்டைப் போட்டதே இவருதான் தம்பி," என்றாள் அக்வேலே, நடந்தபடியே. "கல்லுல பேரு இருக்கு, போற வழியில பாத்துட்டுப் போ."

பஸ் முழுக்கச் சிரித்தது. ஒக்போட்டி கையை இறக்கவில்லை. அவள் இன்னும் பாதிச் சாலையில்தான் இருந்தாள்.