வலது டேங்க் சுவிட்ச்

பித்தளையில் பெட்ரோல் பட்டால் ஒரு வாசனை வரும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது விரலில் மிச்சமிருக்கும். பன்னிரண்டு வயதில் எனக்கிருந்த ஒரே பெருமை அந்த வாசனைதான்.

மார்டள்ளி கிராமத்திலிருந்து பிழைக்க வந்து மைசூரு ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை பார்த்த அப்பா, ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் லாரி ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என அதற்கு இரண்டு டேங்க். ஒன்று தீர்ந்தால் சீட்டுக்கடியில் கைவிட்டு ஒரு பித்தளைத் திருகைத் திருப்பி மற்றதற்கு மாற்ற வேண்டும். "பெரிய புள்ள, டேங்க் மாத்து" என்று அப்பா சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு நான் திருப்புவேன். அதனாலேயே அப்பா பக்கத்துச் சீட்டு எனக்கு; தங்கை ரோஸிக்கு அம்மா மடி.

வண்டி காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது என்று அப்பா கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, நொறுங்கிப்போன ஒரு காரின் ஃப்யூல் இன்ஜெக்ஷன் சாமான்களை வாங்கி வந்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு பூட்ட ஆரம்பித்தார். இதில் பம்ப் தேவைக்கு மேலேயே பெட்ரோலைத் தள்ளும். இன்ஜின் குடித்தது போக மிச்சம் வேறொரு குழாயில் டேங்குக்கே திரும்பிவிடும். அந்தத் திரும்பும் குழாயை அப்பா இடது டேங்கில் மட்டும் பூட்டினார். எதில் விழுந்தால் என்ன, இரண்டும் நம் டேங்குதானே என்பது அவர் கணக்கு. பித்தளைத் திருகு போய், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வந்தது. ஆறு வயதுக் குழந்தை விரலுக்கும் அமுங்குகிற சுவிட்ச்.

ரோஸிக்கு அப்போது ஆறு வயது.

ஒரே வாரத்தில் சீட்டும் சுவிட்சும் அவளுடையதாகிவிட்டன. எனக்கு வயிறு எரிந்தது. "மூத்தது மோழை, இளையது காளை" என்று அம்மா சிரித்தது எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது.

மாதா தேர்பவனிக்கு எங்கள் லாரிதான் தேர். அந்த வருஷம் தெருவில் ஆளாளுக்குப் பெட்ரோலைக் காணிக்கையாகக் கேனில் கொண்டுவந்தார்கள். காணிக்கையை வேண்டாமென்று சொல்ல மனமில்லாமல் அப்பா இரண்டு டேங்கையும் கழுத்துவரை நிரப்பினார். புறப்படும்போது ரோஸி ஆசையாக வலது டேங்குக்குச் சுவிட்சை அமுக்கினாள். ஊர்வல வேகத்தில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம், திரும்புவது அதிகம். வலதிலிருந்து உறிஞ்சியதெல்லாம் ஏற்கெனவே நிரம்பிய இடதில் போய் விழுந்து, மூடி வழியாக ரோட்டில் வழிந்தது. பின்னால் நாங்கள் மெழுகுவர்த்தியோடு நடந்துகொண்டிருந்தோம்.

என் விரலுக்குப் பழகிய வாசனையாயிற்றே. கையிலிருந்ததை ஊதி அணைத்துவிட்டு ஓடிப்போய், "அப்பா, பெட்ரோல் ஒழுகுது" என்றேன். அவர் உடனே இன்ஜினை நிறுத்தினார். எல்லோரும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கயிறு கட்டித் தேரைக் கோயில்வரை இழுத்துப் போனார்கள். ரோஸி தேம்பித் தேம்பி அழுதாள். சுவிட்சை அமுக்கியதால்தான் அழுகிறாள் என்று அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு, "உன் மேல தப்பில்ல கண்ணு, கொழாய் பூட்டுனவன் தப்பு" என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னார். ஊரைக் காப்பாற்றிய நான் அணைந்த மெழுகுவர்த்தியோடு நடந்தேன். என்னை யாரும் தூக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. லாரியைக் குண்டலுபேட்டைக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். அது நின்ற இடத்தில் காலையில் கம்பெனி பஸ் நிற்கிறது. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் ரோஸி போன மாதம் தேருக்கு வந்திருந்தாள். காபி குடிக்கும்போது, அன்றைக்கு அவள் அப்பா தோளில் ஏறிப்போனதைக் குத்திக்காட்டினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குரலில் காரம் இருந்தது எனக்கே தெரிந்தது.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வாசன வந்துச்சுக்கா. அப்பாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். 'ஸ்வல்ப நேரம் சும்மா இரு, சாமி கும்புடு'ன்னாரு. நீ ஒரே தடவ சொன்ன, வண்டிய நிறுத்திட்டாரு. அதுக்குத்தான் அழுதேன்."

கோயிலுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. ஏறியதும் நான் நகர்ந்து அவளுக்கு ஓரத்து இடத்தை விட்டேன். பாதி வழியில் திரும்ப வாங்கிக்கொண்டேன்.