தொழிற்சாலை வரை இருபது நிமிடம்

மாவட்டத்தின் அவசர சேவைக்குத் தரம் வகுக்கிறோம் என்று ஹட்டனில் ஒரு மண்டபத்தில் ஒரு முழுப் பகலை வீணடித்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி எங்கள் மலைகளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாராம், அதுவும் வான் வண்டியின் கண்ணாடி வழியாக. எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கண்ட தரம். சுவரில் வரைபடத்தை மாட்டி, தோட்டத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். மூன்று பிரிவு, தொழிலாளர் குடியிருக்கும் பதினொரு லயம், எல்லாவற்றுக்கும் ஒரே பொட்டு. ஏட்டுச் சுரைக்காயைக் கறி வைத்துப் பரிமாறவும் தெரிந்தவர்கள் இவர்கள்.

எங்கள் தோட்டத்துப் பொட்டை எங்கே வைப்பது என்று என்னைத்தான் கேட்டார். தோட்டத்தின் முகவரி எது என்றார். தொழிற்சாலை என்றேன். பொய் இல்லை. எங்கள் லயங்களுக்கு இலக்கம் கிடையாது. கடிதம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் தொழிற்சாலைக்கு வந்து, அங்கிருந்துதான் மேலே ஏறும். மேற்பிரிவில் கொழுந்து பறிக்கும் என் அக்கா அங்கிருந்து ஒரு மணி நேர ஏற்றத்தில் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் சிங்களம் பேசும் அழகை அவர் அப்போதுதான் மெச்சியிருந்தார். அன்று இளித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

பிறகு ஒத்திகை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், வெறிச்சோடிய ரோடு. வண்டி பதினெட்டு நிமிடத்தில் தொழிற்சாலை வாசலைத் தொட்டது. கைதட்டினார்கள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் கேக் சாப்பிட்டார்கள். மேலே ஒருவரும் ஏறவில்லை, சப்பாத்தில் சேறு படுமே.

ஐப்பசி மழையில் ஒரு காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவைக் குளவிகள் மொய்த்துக் கொட்டின. முகம் வீங்கி, மூச்சு இழுக்கிறது என்று அத்தான் போன் செய்தார். நான் வேலை பார்க்கும் கந்தோரிலிருந்தே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது சொன்ன நேரத்துக்கு வந்தது, தொழிற்சாலை வாசலில் நின்றது. மேலே போகும் பாதை வழுக்கும், ஏற உத்தரவும் இல்லை என்று சாரதி சொல்லிவிட்டார். அக்காவைக் கம்பளியில் போட்டு நாலு பேர் சுமந்து இறங்கினார்கள். பாதி வழியில் அத்தான் மறுபடி பேசினார்.

"வண்டி வந்துருச்சுன்னு கீழ இருந்து கத்துறாங்கம்மா. நாங்க இன்னும் கோயில் வளைவையே தாண்டல. இவளுக்கு மூச்சு வர மாட்டேங்குது."

அக்காவும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தாள். ஆம்புலன்ஸுக்கு வேலை இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்திலும் நான்தான் மொழிபெயர்த்தேன். இந்த முறை தோட்டத்து ஆட்களையும் அழைத்திருந்தார்கள். அத்தான் முன்வரிசையில் இருந்தார். அதிகாரி அறிக்கையைச் சிங்களத்தில் வாசித்தார். மேற்பிரிவு, குளவிக்கொட்டு, வண்டி பதினேழு நிமிடத்தில் சென்றடைந்தது, தரம் நிறைவேறியது. இதைத் தமிழில் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பினார்.

"வண்டி பதினேழு நிமிசத்துல தொழிற்சாலைக்கு வந்துச்சு. எங்கக்கா அதுக்கப்புறம் பொணமா வந்தா. இதுக்குப் பேருதான் தரம்னு இவரு சொல்றாரு," என்றேன்.

தமிழ் தெரியாத அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன்.