மரத்துக்கு மரம் நின்ற மூச்சு

வைத்தியம் படித்து முடித்த பிறகு வைத்தியம் பார்க்காமல் இருப்பதும் ஒரு முழுநேரத் தொழில்தான். அதை நான் மூன்று ஆண்டுகள் செய்தேன். வெளிநாட்டுப் பட்டத்தோடு ஊர் திரும்பி, உள்நாட்டு அனுமதித் தேர்வுக்காக மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மரம் நனைந்த காலை

அன்று காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. கலவானைப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில், இறப்பர் மரப்பட்டை ஈரமாக இருக்கும்வரை பால் வெட்ட முடியாது. ஆகவே லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். இரண்டாம் தடவையும் நான் தேறவில்லை என்ற கடிதம் முந்தின நாள் வந்திருந்ததை மறைக்க எனக்கு இடமே இல்லை.

ரஷ்ய மொழியில் படித்த நோய்களை ஆங்கிலத்தில் எழுதித் தேறியிருந்தேன். விழுந்தது, நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பகுதியில். ஒரு பெண்ணின் இருதய வால்வு சுருங்கியிருப்பதைச் சரியாகவே சொன்னேன். பரீட்சகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வால்வைப் பற்றி எல்லாம் சொன்னீர்கள். இந்த அம்மா என்ன வேலை செய்கிறார்?" எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறையும் தவறினால் தோட்டப் பாடசாலையில் கிடைக்கவிருந்த ஆசிரியை வேலையை ஏற்றுக்கொள்வதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் ஒற்றையறை வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த புஷ்பம் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். பால் வெட்டும் வேலை. விழுந்ததற்குக் காரணம் கேட்டார். பரிசோதித்துப் பழக எனக்கு ஆட்கள் இல்லை என்றேன். அவர் லயத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? பதினாறு காம்பரா இருக்கு புள்ள, ஆளுக்கொரு ஒடம்பும் இருக்கு. வரிசையில நிக்கச் சொல்றேன், பழகுங்க."

மூச்சு வாங்காதவர்

சொன்னபடி மறுநாள் மாலையே வரிசை தொடங்கியது. பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டு, கையில் இறப்பர் வாடை போகாமலே பெண்கள் வந்து எங்கள் வாசலில் அமர்ந்தார்கள். ஒரே ஈரலை நான் பதினைந்து முறை தேடித் தொட்டாலும் முகம் சுளிக்கவில்லை. பல்கலைக்கழக வைத்தியசாலையில் நான் கண்ட பொறுமை எதுவும் இதற்கு ஈடாகாது. "நீங்க பால் வெட்டப் பழகினா நாலு மரத்தக் காயப்படுத்தியிருப்பீங்க. நாங்க மரத்தவிடப் பரவாயில்லீங்க," என்றார் ஒருவர்.

ஆனால் எவரிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "ஒண்ணுமில்லீங்க." மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று புஷ்பம் அக்காவிடமும் கேட்டேன். இல்லை என்றார். இல்லை என்றே குறித்துக்கொண்டேன். பிறகு அவரை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, மார்பில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்தபோது, தூரத்துப் பாலத்தில் லொறி உருள்வதைப் போன்ற ஓர் ஒலி கேட்டது. தேர்வில் நான் கேட்ட அதே ஒலி. இந்த வால்வோடு மூச்சு வாங்காமல் இருக்க முடியாது.

அப்போதுதான் பரீட்சகரின் கேள்வி நினைவுக்கு வந்தது. மேட்டை விட்டுவிட்டு வேலையைக் கேட்டேன். முன்பெல்லாம் தன் பங்கு மரங்களை எத்தனை மணிக்கு முடிப்பார்? ஒன்பதரைக்கு. இப்போது? பதினொன்றுக்கு, அதுவும் கடைசி வரிசையைத் தங்கச்சி வெட்டிக் கொடுக்கிறாளாம். இராத்திரி? சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கமாம். பிறகு ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். என்னை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. தனக்கே தெரியாதது போலத்தான் யோசித்துச் சொன்னார்.

"மரத்துக்கு மரம் நின்னுதானே புள்ள வெட்டுறோம்? நிக்கிறப்ப மூச்சும் சேந்து வந்திருது. அப்புறம் எங்கிட்டு வாங்குறது?"

ஒரு நாற்காலி

எனக்குத் தெரிந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. நோயாளியை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதும் உரிமை, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிஸ்பென்சர் ஐயாவுக்கு இருந்தது. சிங்களவர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். பட்டம் பெற்ற பெண் தன் மேசைக்கு வருவாள் என்று அவர் மூன்று ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்ததாகத் தெரிந்தது. அந்த எதிர்பார்ப்பில் அன்பு இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

நான் புஷ்பம் அக்காவைக் கூட்டிப்போனதும் அவர் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்றார். நான் ஒலி வரும் இடத்தை விரலால் காட்டினேன். புஷ்பம் அக்காவைச் சரித்துப் படுக்கவைத்து, கண்ணை மூடி, மறுபடியும் கேட்டார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கும் அளவுக்கு நேரம் சென்றது. கண்ணைத் திறந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. எழுந்து, தம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். தாம் மருந்து மேசையோரம் நின்றுகொண்டு பேனாவைத் திறந்தார்.

"நீங்க உக்காந்து சொல்லுங்க மிஸ், நான் எழுதுறேன். கையெழுத்து மட்டுந்தான் இதுல என்னுது."

சாவடியில் இருவர்

புஷ்பம் அக்காவுக்கு மாத்திரைகள் கிடைத்தன. வால்வைச் சரிசெய்யக் கொழும்புக்குத் திகதியும் கிடைத்தது. அதற்கு முன்பே என் மூன்றாவது தேர்வு வந்துவிட்டது. என்னோடு ஒரே ரஷ்ய நகரத்தில் படித்த நிமல், கேகாலைச் சிங்களவர், அவரும் எழுதினார். யுத்த காலம். தேர்வுக்கு நாங்கள் ஒன்றாகப் போன பஸ்ஸிலிருந்து எல்லோரையும் ஒரு சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் என் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே விளங்காத எழுத்தில் மூன்று தடித்த புத்தகங்கள். அவன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

நிமல் முன்னே வந்து தம் பையையும் திறந்தார். அதே எழுத்து, அதே புத்தகங்கள். நாங்கள் இருவரும் எந்த மொழியில் படித்தோம், எந்த மொழியில் எழுதப்போகிறோம் என்று சிங்களத்தில் விளக்கினோம். அவன் புத்தகத்தில் ஒரு முழங்கால் படத்தைக் கண்டு நின்றான். தன் அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டான். நாங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பஸ் புறப்படும்போது சன்னலருகே வந்து சிங்களத்தில் சொன்னான்:

"இத்தனை மொழியில் படித்தும் இன்னும் உங்களை டொக்டர் என்று சொல்லவில்லையா? என்னிடம் ஒரு மொழிதான் இருக்கிறது, ஒரே வாரத்தில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்."

பாண்காரர்

தேர்வில் எனக்குக் கொடுத்த நோயாளி நடுவயதைத் தாண்டிய ஒருவர்; கால் வீங்கியிருந்தது. நான் குழாயை எடுக்கவில்லை. முதலில் தொழிலைக் கேட்டேன். சைக்கிளில் வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்பவர். மூச்சு வாங்குகிறதா என்றால், இல்லை என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு நிற்கிறவர் அல்லவா? ஆகவே, முன்பு எத்தனை மணிக்குப் பாண் விற்று முடியும், இப்போது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். முன்பு ஏழு. இப்போது எட்டரை, பாண் ஆறிப்போகிறதென்று சனங்கள் ஏசுகிறார்களாம்.

பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். பாண்காரர் அவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்:

"வந்தவர்கள் எல்லோரும் என் நெஞ்சைக் கேட்டார்கள் ஐயா. பாணைப் பற்றி இந்த நோனாதான் கேட்டார்."

மறுநாள் காலை

முடிவைக் கொழும்பில் பார்த்துவிட்டு நிமல் எங்கள் தோட்டத்துக்கே வந்து சொன்னார். நான் தேறியிருந்தேன், அவர் தேறவில்லை. என்னுடையதை முதலில் சொல்லி, நான் அழுது முடிக்கும்வரை நின்று, பிறகுதான் தம்முடையதைச் சொன்னார். அன்று எங்கள் காம்பராவிலேயே தங்கினார்.

மறுநாள் காலை அம்மா, ஆசிரியை வேலைக்கு நான் எழுதிய மறுப்புக் கடிதத்தைத் தாமே பாடசாலைக்கு எடுத்துப்போனார். டிஸ்பென்சர் ஐயா தம் மேசைக்கு எதிரே இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட்டார். நான் புஷ்பம் அக்காவின் மாத்திரைகளைச் சரிபார்த்துவிட்டு, வைத்தியராகப் பதிவதற்காகப் பட்டத்தை மறுபடியும் உறையிலிட்டேன். நிமல் வாசலில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். வைத்தியர் பால் வெட்ட வேண்டாமென்று சொல்லியிருந்ததால் புஷ்பம் அக்கா அன்று வெறுங்கையோடு, மெதுவாக, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு நடந்தார். அங்கே கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் தாம் கூப்பிட்டார்:

"சாயந்தரம் எல்லாரும் வந்திருங்க. இந்த வாட்டி நிமல் மாத்தயாவுக்கு. அவரு கேட்டா மட்டும் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிறாதீங்க, பாவம், அதையே எழுதிக்கிட்டுப் போயிருவாரு."

என் சான்றிதழில் இரண்டு நாடுகளின் முத்திரைகள் இருக்கின்றன. எனக்கு உண்மையில் பரீட்சை வைத்த பதினாறு காம்பராக்களுக்கு முத்திரை இல்லாததால் அவற்றைப் பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.