எங்கள் இருவரின் கவுன்

சபாபதிக்கு வரவேண்டிய நீதிபதி பதவியைக் கெடுத்தவன் நான்தான். அவனுடைய உற்ற நண்பனாகிய நான்!

காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் ஒரே சீனியரிடம் நாங்கள் ஜூனியர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கருப்புக் கவுன். அவன் வாதாடிவிட்டுத் தாழ்வாரத்தில் கழற்றித் தருவான். அந்தச் சூடு ஆறுமுன் நான் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவேன். எப்போதும் அவனுக்குப் பிறகுதான் நான்...

பிறகு அவன் தேர்தலில் நின்றான். சின்ன காஞ்சிபுரத்தில் அவன் வந்தால், நெசவாளர்கள் தறிக்குழியிலிருந்து எழுந்து வாசலுக்கு வருவார்கள். அவனுக்கு விழுந்த மாலைகளைச் சுமந்தபடி பின்னால் நான்!

சட்டமன்றத்தில் ஒருமுறை இருந்துவிட்டு, கட்சியை உதறி நீதிமன்றத்துக்கே திரும்பினான். அவனை நீதிபதியாக்கும் பேச்சு எழுந்தது. அவனைப் பற்றி விசாரிக்க ஓர் அதிகாரி என்னிடம் வந்தார். நண்பன் என்பதால்தானே என்னைத் தேடி வந்தார்!

"கட்சி ஆளுங்க இன்னும் அவன் வீட்டுக்கு வந்துக்கினுதான் இருக்காங்க சார். நாளைக்குத் தீர்ப்பும் அவங்கதான் சொல்லுவாங்க."

பொய். முழுப் பொய்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. சபாபதிக்கு ஆறுதல் சொன்னவனும் நானே. என் குரல் நடுங்கியதை அவன் அன்பென்று எண்ணினான். பல ஆண்டுகள் கழித்தே அவன் நீதிபதியானான்.

சென்ற வாரம் என் மகன் வழக்கறிஞனானான். அவனுக்கு வழக்கு கிடைக்குமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, சபாபதி வீட்டுக்கு வந்தான். கையில் அந்தப் பழைய கவுன்!

"தம்பி, இதுல பாதி உங்கப்பாவுது. மீதி பாதிக்கு நான் பீஸ் கேக்கமாட்டேன்பா!" என்று சிரித்தான். பிறகு சொன்னான்: "அப்ப எவனோ என்னைப் பத்தித் தப்பா சொல்லிட்டான். எனக்காகப் பேசினவன் உங்கப்பா ஒருத்தனாத்தான் இருக்கும். நீயும் அவனாட்டம் இரு."

மகன் என்னைப் பெருமையோடு பார்த்தான். பிறகு சபாபதியின் காலில் விழுந்தான். அப்போது என்னுள் முதலில் எழுந்தது வெட்கம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை... பொறாமை! என் பிள்ளையும் அவனிடம்தான் விழவேண்டுமா என்ற பொறாமை!

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால், மகன் கண்ணில் இருந்த அந்தப் பெருமை என்னவாகும்?

"நீங்களே போட்டுவிடுங்கப்பா" என்று அவன் முதுகைத் திருப்பி நின்றான். போட்டுவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் அப்படியே வந்து நிற்கிறான். இன்றும் போட்டுவிட்டேன்...